சபை நடுவில் தீர்க்கதரிசனமா, தனியறையில் தீர்க்கதரிசனமா?

தீர்க்கதரிசனம் என்பது தேவன் தந்ததாக ஒருவர் சொல்லும் வார்த்தை. அதைச் சபைக் கூட்டத்தில் சொல்வதற்கு அப்போஸ்தலன் பவுல் வரம்பு வைத்திருக்கிறார். 1 கொரிந்தியர் 14:29-இன்படி இரண்டு பேரோ மூன்று பேரோ பேசலாம். மற்றவர்கள் நிதானிக்க வேண்டும், அதாவது சொன்னதைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். இன்னொருவருக்கு வெளிப்பாடு வந்தால் முதலில் பேசியவர் நிறுத்திக்கொள்ள வேண்டும். "ஆவி வந்துவிட்டது, அடக்க முடியவில்லை" என்ற சாக்கும் செல்லாது, தீர்க்கதரிசிகளின் ஆவி அவர்களுக்கு அடங்கியிருக்கிறது என்று 32-ஆம் வசனம் அதை மூடிவிடுகிறது. நடைமுறையில் தவறுவது பெரும்பாலும் இந்த நிதானித்தல்தான். பேசியதும் "ஆமென்" சொல்லி அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

தனியாகச் சொல்வதற்கும் வேத முன்மாதிரி உண்டு: தீர்க்கதரிசி நாத்தான் தாவீது ராஜாவிடம் பேசியது. ஆனால் அங்கே சொன்னது பாவத்தைக் கண்டித்து. இன்று தனியறையில் அதிகம் கேட்பது திருமணம், வேலை, பயணம். சாட்சி இல்லாததால் வார்த்தை பிறகு மாறும், நினைவும் வளையும். 1 இராஜாக்கள் 13-இல் "தூதன் என்னோடே பேசினான்" என்று ஒரு கிழத் தீர்க்கதரிசி பொய் சொன்னார். நம்பிப்போன தேவமனுஷனைச் சிங்கம் கொன்றது.

பலர் முன் சொன்னதற்கு முன்மாதிரி ஆதிச்சபைத் தீர்க்கதரிசி அகபு. செசரியாவில் பிலிப்புவின் வீட்டில், மற்றவர்கள் முன்னிலையில், பவுல் எருசலேமில் கட்டப்படுவார் என்று முன்னறிவித்தார். போகாதே என்று வேண்டிக்கொண்டது கேட்டவர்கள்தான். பவுல் எருசலேமுக்குப் போனார்.

தனி வார்த்தை வந்தால் அன்றே எழுதிவைத்து, மூப்பர் இருவரிடம் காட்டுங்கள். காணிக்கை கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் கேட்பவன் கள்ளத் தீர்க்கதரிசி என்று ஆதிச்சபை நூலான திதாகேயே சொல்கிறது. தேதி குறித்த வார்த்தையா? சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்ற உபாகமம் 18:22 போதும். எங்கள் தெரிவு சபை நடுவில் சொல்வதே.