கிளே பாரோடு ஆறு வருடம்

எங்கள் வீடு பெரம்பூரில், தண்டவாளத்துக்குப் பின் தெருவில். ரயில் சத்தத்துக்கு நாங்கள் பழகிவிட்டோம். இப்போதெல்லாம் சத்தம் இல்லாவிட்டால்தான் தூக்கம் கலைகிறது. எங்கள் வெள்ளைக் கார்தான் பழகவில்லை. வாங்கி ஒரு வருடம் முடிவதற்குள் டிக்கியிலும் பின் கதவிலும் மிளகாய்த்தூள் சிந்தினாற்போல ஆரஞ்சுப் புள்ளிகள். துருப்பிடித்துவிட்டது என்று பயந்து பெயின்ட் வேலை செய்யும் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது தகடு துரு இல்ல சார். வெளியேருந்து வந்து ஒட்டின இரும்புத் தூள். கிளே போட்டா போயிடும்" என்றார். பெயின்டில் ஒட்டியதை இழுத்தெடுக்கும் கிளே பார் என்ற கட்டியைத்தான் சொன்னார்.

சக்கரமும் தண்டவாளமும் உரசும்போது பறக்கிற இரும்புப் பொடி அது. நம் கார் பிரேக் டிஸ்கிலிருந்தும் அதே பொடி வரும். சூடாகப் பறந்து வந்து, பெயின்டுக்கு மேல் நிறமில்லாமல் பூசியிருக்கும் கிளியர் கோட்டில் பாதி புதைந்துவிடும், அப்புறம் ஈரம் பட்டுத் துருவாகப் பூக்கும். கறுப்புக் காரிலும் இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. ஷாம்பூ போட்டு எத்தனை முறை கழுவினாலும் போகாது. மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் கையை விட்டு, கழுவிய பானெட்டைத் தடவிப் பார்த்தால் உப்புத்தாள் போல நறநறக்கும். 2019-இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு, புதுச் சட்டை வரும் உறையை இதற்காகவே எடுத்து வைத்திருக்கிறேன்.

கிளே பார் என்றதும் குளத்துக் களிமண்ணை நினைக்க வேண்டாம். பிசின் போன்ற பாலிமரில் மிக நுண்ணிய சிராய்ப்புத் தூள் கலந்த செயற்கைப் பொருள். ஜப்பானில் உருவாகி 1990-களில் வெளியே பரவியது. பார்க்கக் குழந்தைகள் விளையாடும் களிமண் போலவே இருக்கும். பெயின்ட் பரப்புக்கு மேலே துருத்திக்கொண்டிருப்பதைப் பிடித்து இழுத்துத் தன்னுள் புதைத்துக்கொள்ளும். பரப்பின் மேல் அது மிதந்துகொண்டே போக வேண்டும், அதற்குத்தான் வழுக்கலுக்குத் தெளிக்கும் லூப்ரிகன்ட், சுருக்கமாக லூப். நான் படித்துத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். மற்றதெல்லாம் கெடுத்துக் கற்றது.

முதல் தடவை கிளே மட்டும் வாங்கினேன், லூப் வாங்கவில்லை. வாளியில் ஷாம்பூத் தண்ணீர் இருக்கிறதே, அது போதும் என்று நினைத்தேன். பங்குனி மாதம், காலை பதினொரு மணி, பானெட் தோசைக்கல் மாதிரி. தெளித்த தண்ணீர் நான் இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் காய்ந்துவிட்டது. கிளே இளகிப்போய் பபுள்கம் போல ஒட்டிக்கொண்டு, சாம்பல் நிறத்தில் இழுபட்ட தடம் வைத்தது. அதே தண்ணீரை ஊற்றி ஊற்றி ஒருவழியாக அகற்றினேன். வெள்ளை வண்டி என்பதால் கீறல் தெரியவில்லை, தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தைரியத்தில் மைத்துனரின் கறுப்புக் காருக்கும் செய்து தருவதாக வாக்குக் கொடுத்தேன். இந்த முறை நிழலில், மாலையில்தான் செய்தேன். ஆனால் அதே ஷாம்பூத் தண்ணீர், அதையும் சிக்கனமாக. மறுநாள் பெட்ரோல் பங்க் விளக்கில் அவர் வண்டியைப் பார்த்துவிட்டு போன் செய்தார்: "மச்சான், பாத்திரம் தேய்க்கிற நார் போட்டீங்களா?" கதவு முழுக்க மங்கலாக, தேய்த்த திசையிலேயே மெல்லிய கோடுகள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. பாலிஷ் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்தது என் செலவு.

அதன் பிறகு என் கவனம் முழுக்க லூப் பக்கம் போய்விட்டது. கிளேயை மாற்றியதைவிட லூப்பை மாற்றியதில்தான் எனக்கு அதிக வித்தியாசம் தெரிந்தது. ஷாம்பூத் தண்ணீர் மோசம் இல்லை, தாராளமாக விட்டால் வேலை நடக்கும். ஆனால் இரண்டாவதாக வாங்கிய கிளே அந்தத் தண்ணீரில் கொஞ்ச நேரம் கிடந்ததும் ஊறிய ரொட்டி போல உதிர ஆரம்பித்தது. எல்லா கிளேயும் அப்படி இல்லை, சிலவற்றுக்குச் சோப்பு ஒத்துக்கொள்ளாது. அடுத்து மெக்வையர்ஸ் கம்பெனியின் கிளே கிட்டில் கூடவே வரும் குவிக் டீடெய்லர், அதாவது தெளித்துத் துடைக்கும் பளபளப்பு ஸ்ப்ரே. வழுக்கல் நன்றாக இருந்தது. ஆனால் விலையை நினைத்துக் கை தானாகவே கஞ்சத்தனம் செய்கிறது, அங்கேதான் கீறல் விழுகிறது.

நாலு வருடமாக நான் விடாமல் பயன்படுத்துவது ஆப்டிமம் நோ ரின்ஸ். வண்டியை அலசாமலே கழுவுவதற்கான திரவம் அது. கழுவ 1-க்கு 256 பங்கு தண்ணீர். கிளே லூப்பாக வேண்டுமென்றால் 1-க்கு 64, அதாவது ஒரு லிட்டருக்குச் சுமார் 15 மில்லி. லிட்டர் கணக்கில் தெளித்தாலும் மனம் பதறாது. எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்தால் வெள்ளை வட்டம் விழும். அதனால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து, துணியில் வடிகட்டிக் கலக்கிறேன். வீட்டில் இதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை.

போதுமா, போதாதா என்று கண்டுபிடிக்கக் கையே போதும். கிளே பட்டதும் முதலில் சற்றே பிடிக்கும், சரசரவென்று ஒலிக்கும். தூள் கழன்றதும் சத்தம் அடங்கி, கை தானாக வழுக்கிக்கொண்டு போகும். கழன்ற பிறகும் பிடித்தால் லூப் பற்றவில்லை என்று அர்த்தம், உடனே தெளிக்க வேண்டும். அழுத்தவே கூடாது, கிளே கையிலிருந்து நழுவாத அளவுக்குப் பிடி இருந்தால் போதும். நேர்க்கோட்டில்தான் இழுப்பேன், வட்டமாகத் தேய்ப்பதில்லை. ஒரு சமயத்தில் இரண்டு அடிக்கு இரண்டு அடி இடம், அதற்கு மேல் ஆசைப்பட்டால் ஒரு ஓரம் காய்ந்துவிடும். கட்டியை நாலாக வெட்டி ஒரு துண்டைத்தான் எடுப்பேன். கீழே விழுந்தால் அந்தத் துண்டு குப்பைக்கு. ஒருமுறை மனசு கேட்காமல் மணலைத் துடைத்துவிட்டு மறுபடி பயன்படுத்தினேன். இடது பின் கதவில் அதன் நினைவுச் சின்னம் இன்னும் இருக்கிறது.

கிளேயைவிடப் பெரிய திருப்பம் அயர்ன் ரிமூவர். கிளே இரும்புத் துகளின் தலையைக் கிள்ளினாலும், புதைந்த வேர் உள்ளேயே இருக்கலாம். சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடி ஆரஞ்சு பூக்கும். ரிமூவரைத் தெளித்தால் இரும்போடு வினைபுரிந்து கத்தரிப்பூ நிறத்தில் வழியும். வெள்ளை வண்டியில் பார்க்கக் கொஞ்சம் பயங்கரமாகவே இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வேறு, பக்கத்து வீட்டம்மா ஜன்னலைச் சாத்திக்கொள்வார். காயவிடாமல் அலசிவிட்டு அப்புறம் கிளே எடுத்தால் வேலை பாதிதான். இழுப்பு குறைந்தால் கீறலும் குறையும்.

முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தேன், அந்த வழவழப்புக்கு அடிமை. அது தப்பு. கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் பருமன்கூடக் கிடையாது. கிளே அதைச் செதுக்கிவிடாது. ஆனால் ஒவ்வொரு முறையும் விழும் கோட்டை எடுக்கப் பாலிஷ் போட்டால் அது செதுக்கும். பாதுகாப்புக்கு மேலே போட்டிருந்த வாக்ஸையும் கிளே கொண்டுபோய்விடும். முடித்த அன்றே வாக்ஸோ சீலன்டோ போடவில்லை என்றால் வண்டியை வெறும் உடம்போடு வெயிலில் நிறுத்திய மாதிரி. பளபளப்பில்லாத மேட் பெயின்ட் வண்டிக்குக் கிளே வேண்டவே வேண்டாம்.

கிளேயால் ஆகாததும் இருக்கிறது. போர் தண்ணீர் வட்டம் மேலாக இருந்தால் கொஞ்சம் குறையும், பெயின்டை அரித்து உள்ளே இறங்கியிருந்தால் அசையாது. பறவை எச்சத் தடமும் அப்படியே. தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் படிகிற பிசுபிசுப்பு புதிதாக இருந்தால் போகும். தாரை முதலில் தார் ரிமூவரால் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கிளே கறுத்து அத்தோடு முடிந்தது.

யாரும் சொல்லாமல் நானே கண்டுகொண்ட லாபம் முன் கண்ணாடி. லூப் தெளித்து அங்கே பழைய கிளேத் துண்டால் இழுத்ததில், ஐப்பசி மழையில் வைப்பர் போட்டுக்கொண்டிருந்த கிரீச் சத்தம் நின்றுவிட்டது. புது பிளேடு வாங்கக் கடைக்குக் கிளம்பியவன் திரும்பி வந்தேன்.

கிளே மிட் என்று கையுறை வடிவிலும் வருகிறது. கீழே விழுந்தால் அலசிவிட்டுப் பயன்படுத்தலாம், வேலை அரை மணியில் முடியும். ஆனால் என் வண்டியில் அது கட்டியைவிட அதிகமாக மங்கல் வைத்தது. பாலிஷ் போடப் போகிறீர்கள் என்றால் சரி, போடாதவர்களுக்குச் சிராய்ப்பு குறைந்த ஃபைன் ரகக் கட்டியே நல்லது. ஒருமுறை சோம்பல்பட்டு வெளியே ஒரு வாட்டர் வாஷ் கடையில் கிளே போடச் சொன்னேன். முந்தைய வண்டிக்குப் போட்ட அதே கறுத்த கிளேத் துண்டை எடுத்துக்கொண்டு பையன் வந்தான். காசைக் கொடுத்துவிட்டு வெறும் கழுவலோடு ஓட்டி வந்துவிட்டேன்.

இப்போது வருடத்துக்கு ஒரே முறை, போகிப் புகையும் சாம்பலும் அடங்கிய பிறகு. தை மாதக் காலையில் பானெட் குளிர்ந்திருக்கும், லூப் சீக்கிரம் காயாது. கட்டிதான் விறைத்திருக்கும், வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டால் கொழுக்கட்டை மாவு பதத்துக்கு வரும். மீதித் துண்டுகளை லூப் இரண்டு சொட்டு விட்டு டப்பாவில் மூடி, வெயில் படாத அலமாரியில் வைக்கிறேன். காருக்குள் வைத்தால் சித்திரையில் டப்பாவோடு ஒட்டிக்கொள்ளும். கறுத்த துண்டுகள் சக்கரத்துக்கு. மைத்துனர் மட்டும் இன்னும் அவர் வண்டிச் சாவியை என்னிடம் கொடுப்பதில்லை.