மிஞ்சிய அப்பத்தை என்ன செய்வது? நற்கருணையில் யார் எங்கே பிரிகிறார்கள்

கிறிஸ்தவ ஆராதனையில் அப்பமும் ரசமும் பகிர்ந்து உண்ணும் சடங்கான நற்கருணை (திருவிருந்து) பற்றி விவாதம் வந்தாலே, "அப்பமும் ரசமும் நிஜமாகவே கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமா, இல்லை வெறும் அடையாளமா?" என்று கேட்டு, கத்தோலிக்கரை ஒரு பக்கமும் மற்ற எல்லாரையும் மறுபக்கமும் நிறுத்திவிடுகிறார்கள். அப்படிப் பிரித்தால் 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகளான லூத்தரையும் கல்வினையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான். எனக்கு உதவுவது வேறு இரண்டு கேள்விகள். ஆராதனை முடிந்தபின் மிஞ்சிய அப்பம் என்ன? விசுவாசமே இல்லாத ஒருவர் அதை வாங்கிச் சாப்பிட்டால், அவர் பெற்றது என்ன?

கத்தோலிக்கரின் பதில் நேரடியானது. அப்பத்தின் உட்பொருளே கிறிஸ்துவின் உடலாக மாறிவிடுகிறது. நிறம், சுவை, எடை எல்லாம் அப்பத்துக்குரியவையாகவே நிற்கின்றன. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் (ஆயர்களின் பொதுக்கூட்டம்) இந்த மாற்றத்துக்கான சொல்லை (ஆங்கிலத்தில் transubstantiation) பயன்படுத்தியது, 1551இல் திரிதெந்து சங்கம் அதை உறுதிசெய்தது. எனவே மிஞ்சியதும் கிறிஸ்துவே. அதனால்தான் மிஞ்சியதை வைக்கும் நற்கருணைப் பேழையும் அதன்முன் ஆராதனையும். விசுவாசம் இல்லாதவர் வாங்கினாலும் அவர் கையில் இருப்பது கிறிஸ்துவின் உடல்தான், அவருக்கு அதனால் பலன் இல்லை என்பது வேறு விஷயம்.

இதை 'சதையைக் கடிக்கிறார்கள்' என்று கேலி செய்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 1059இல் தூர் நகரத்து இறையியலாளர் பெரங்காரை, கிறிஸ்துவின் உடல் விசுவாசிகளின் பற்களால் மெல்லப்படுகிறது என்றே உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். பிறகு வந்த கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் அந்த முரட்டுப் பேச்சுக்கு நாசூக்காக விளக்கம் சொன்னார்: உடைவதும் மெல்லப்படுவதும் அப்பத்தின் வெளித்தோற்றம் மட்டுமே, கிறிஸ்துவின் உடல் அல்ல. அரிஸ்டாட்டிலின் மொழியில் சொன்னதால் வறட்டுத்தனமாகத் தெரியலாம், ஆனால் கேலி செய்பவர்கள் நினைப்பதைவிட இது நுட்பமான கோட்பாடு. எனக்குள்ள தயக்கம் வேறு: உட்பொருள் வேறு, வெளித்தோற்றம் வேறு என்ற கிரேக்கத் தத்துவத்தின் இந்தப் பிரிவினையை ஏற்காத ஒருவருக்கு இதை விளக்க வழி கொஞ்சம்தான். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள், மாற்றம் நடக்கிறது, தூய ஆவியால் நடக்கிறது என்பதை அழுத்திச் சொல்லிவிட்டு, எப்படி என்பதைப் பெரும்பாலும் மறைபொருளாகவே விட்டுவிடுகின்றன. நோயுற்றோருக்காக எடுத்து வைப்பார்கள், ஆனால் வழிபாட்டுக்கு வெளியே அதன்முன் தனி ஆராதனை நடத்தும் மரபு அவர்களிடம் இல்லை.

லூத்தரின் நிலைதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. அப்பம் அப்பமாகவே இருக்கிறது. அதோடு, அதற்குள், அதன்கீழ் கிறிஸ்துவின் மெய்யான உடலும் இருக்கிறது. 1529இல் மார்புர்க் கோட்டையில் ஹெஸ்ஸே பிரபு பிலிப், லூத்தரையும் சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்லியையும் எதிரெதிரே உட்கார வைத்தார். 15 விஷயங்களில் 14 ஒத்துப்போயின, 15ஆவதில்கூடக் கொஞ்சம் ஒத்துப்போனது, கிறிஸ்துவின் உடல் அப்பத்தில் இருக்கிறதா என்ற இடத்தில் மட்டும் எல்லாம் நின்றுபோனது. "இது என்னுடைய சரீரமாயிருக்கிறது" என்ற வசனத்தை மேசைமேல் சாக்கட்டியால் லத்தீனில் எழுதி வைத்துக்கொண்டு லூத்தர் அசையவே இல்லை. "மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது" என்ற யோவான் 6ஆம் அதிகாரத்து வசனத்தை சுவிங்லி நீட்டினார்.

மேலோட்டமாக இது ஒரு வசனத்தைப் பற்றிய சண்டை. உள்ளே ஓடியது, பரமேறிய கிறிஸ்துவின் உடல் இப்போது எங்கே இருக்கிறது என்ற கேள்வி. மெய்யான மனித உடல் என்றால் அது ஓரிடத்தில்தான் இருக்க முடியும், பரலோகத்தில் இருக்கும்போது ஒரே நேரத்தில் பல ஊர் மேசைகளில் எப்படி இருக்கும் என்பது சுவிங்லியின் வாதம். கிறிஸ்து வீற்றிருப்பதாக வேதம் சொல்லும் தேவனுடைய வலதுபாரிசம் என்பது எங்கோ உள்ள ஒரு நாற்காலி அல்ல, அது எங்கும் உள்ளது என்பது லூத்தரின் பதில். விசுவாசமற்றவரும் உடலையே பெறுகிறார், தனக்கு ஆக்கினையாக, என்று லூத்தர் தரப்பு சொல்லும். மிஞ்சியதைப் பற்றி மட்டும் அவர்கள் குரல் கொஞ்சம் தணியும்: திருவிருந்து நடக்கும் பயன்பாட்டுக்கு வெளியே அது சாக்கிரமந்து (அருளைத் தரும் புனித அடையாளம்) அல்ல என்பார்கள்.

சுவிங்லியின் வழியில் இன்று பாப்டிஸ்டுகளும் பெந்தெகொஸ்தே சபைகளில் பலவும் நிற்கின்றன. "என்னை நினைவுகூரும்படி" என்பதுதான் மையம், மிஞ்சியது சாதாரண அப்பம், அவ்வளவே. தெளிவில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரம் இதற்கு இடிக்கிறது. அபாத்திரமாய்ப் புசிப்பவன் கர்த்தருடைய சரீரத்தையும் இரத்தத்தையும் குறித்துக் குற்றமுள்ளவன் என்று பவுல் சொல்லும் கடுமையை, வெறும் நினைவுச்சின்னம் என்ற அளவுக்குள் அடக்குவது கஷ்டம்.

கல்வின் இரண்டுக்கும் நடுவே சமரசம் தேடினார் என்று சொல்வார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. உடல் பரலோகத்தில்தான் இருக்கிறது என்பதில் அவர் சுவிங்லி பக்கம். ஆனால் விசுவாசி உண்மையாகவே கிறிஸ்துவை உண்கிறான், தூய ஆவி தூரத்தைக் கடந்து இணைக்கிறார் என்பது அவருடைய சொந்த வாதம். ஆக, விசுவாசம் இல்லாதவருக்குக் கிடைப்பது அடையாளம் மட்டும். ஆங்கிலிக்கச் சபையின் (இங்கிலாந்துத் திருச்சபையின்) கோட்பாட்டு அறிக்கையான 39 பிரிவுகளில் 29ஆவதும் இதையேதான் சொல்கிறது. துன்மார்க்கர் பல்லால் கடிப்பது சாக்கிரமந்தை மட்டுமே, கிறிஸ்துவில் அவர்களுக்குப் பங்கில்லை. வேடிக்கை என்னவென்றால், 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்க ஜெபப்புத்தகம் மிஞ்சியதை இரண்டாகப் பிரிக்கிறது: அர்ச்சிக்கப்படாத (ஜெபித்துப் புனிதமாக்கப்படாத) அப்பத்தைக் குருவானவர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம், அர்ச்சிக்கப்பட்டதை அங்கேயே பக்தியோடு உண்டு முடிக்க வேண்டும். முழங்கால்படியிடுவது அப்பத்தை வணங்குவது ஆகாது என்றும் தனியாக ஒரு குறிப்பு. ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே!

எனக்கு மிகவும் பிடித்தது கல்வின் சொல்வது. பவுலின் கடுமைக்கும் அதில் இடம் இருக்கிறது, அப்பத்தை வணங்கவும் வேண்டியதில்லை. பலவீனம் என்றால், என் விசுவாசம் ஆட்டம் காணும் நாளில் நான் பெற்றது என்ன என்ற பயத்தை அது தீர்ப்பதில்லை. அந்த நாளில், என் விசுவாசத்தைப் பொறுத்தில்லாமல் உடல் அங்கே இருக்கிறது என்று சொல்லும் லூத்தர்தான் ஆறுதலாக இருப்பார்.

ஐரோப்பாவின் லூத்தரன் சபைகளும், சுவிங்லி, கல்வின் வழிவந்த சீர்திருத்தச் சபைகளும் 1973இல் லொய்ன்பெர்க் உடன்பாட்டில் கையெழுத்திட்டு ஒருவருக்கொருவர் திருவிருந்தில் பங்கு கொடுக்க ஆரம்பித்தன. மார்புர்க்குக்குப் பிறகு 444 ஆண்டுகள். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளோடு அப்படி ஒரு பொது மேசை இன்னும் இல்லை.