அல்சூரில் ஒரு நேபாளி மொழி வகுப்பு: கற்பித்துத் திரும்பிய பின் எழுதும் மதிப்பீடு

பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகில், ஒரு வீட்டின் முன்னறையில் நடைபெறும் நேபாளி மொழி வகுப்பில் ஆறு வாரம் படித்தேன். நேபாள மலைக் கிராமம் ஒன்றின் அரசுப் பள்ளியில் பத்து மாதம் ஊதியமின்றிக் கணக்குக் கற்பிக்க ஒப்புக்கொண்டிருந்தேன். என்னை அனுப்பிய அமைப்பு தடுப்பூசி, பயணச்சீட்டு பற்றியெல்லாம் விரிவாகச் சொன்னது. மொழியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வகுப்பு முடிந்த அன்றே இதை எழுதியிருந்தால் வெறும் பாராட்டாகவே இருந்திருக்கும். அங்கே வாழ்ந்து திரும்பிய பிறகே எது கைகொடுத்தது, எது விடுபட்டது என்று தெளிவாகத் தெரிகிறது. தனியொருவர் வீட்டில் நடத்தும் வகுப்பு என்பதால் பெயரையும் முகவரியையும் தரவில்லை.

மொத்தம் 18 வகுப்புகள், கட்டணம் 5,400 ரூபாய், ஒரு குழுவுக்கு நான்கு பேர் மட்டுமே. நடத்துபவர் நேபாளத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய ஓர் அம்மையார். முதல் நாளே தம்மைத் 'தீதீ' என்று அழைக்கச் சொன்னார். அக்கா என்று பொருள். என்னைப் 'பஹினி' என்றார், அதாவது தங்கை. அண்ணனைத் 'தாய்' என்றும் தம்பியைப் 'பாய்' என்றும் அழைக்கும் அந்த ஊரில், முன்பின் தெரியாதவரையும் உறவுமுறை சொல்லியே அழைக்கிறார்கள் என்பதைத் தீதீ இரண்டு வகுப்பு முழுவதும் பேசவைத்தே பழக்கினார். கடைக்காரரையும் பேருந்து நடத்துநரையும் அண்ணே என்று அழைத்து வளர்ந்த நமக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் நம் 'நீ', 'நீங்கள்' என்ற இரண்டுக்கு மாறாக அங்கே 'த', 'திமி', 'தபாயி' என்று மூன்று படிகள் உண்டு. உட்கார் என்பதே 'பஸ்', 'பஸ', 'பஸ்னுஸ்' என மாறும். மாணவர்களிடம் 'திமி', அவர்களுடைய பெற்றோரிடம் 'தபாயி' என்று தீதீ வற்புறுத்தியது, பள்ளிக்குச் சென்ற முதல் வாரத்திலேயே எனக்கு நல்லெண்ணத்தைச் சம்பாதித்துத் தந்தது.

தமிழர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. நேபாளியில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. 'லாயி', 'மா' போன்றவை நம்முடைய 'கு', 'இல்' உருபுகளைப் போலவே சொல்லின் பின்னால் ஒட்டிக்கொள்கின்றன. தீதீ ஆங்கிலம் வழியாகவே விளக்கியதால், ஆங்கில வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டும் வேலையில் முதல் வாரம் வீணானது. தமிழில் நினைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றத் தொடங்கியதும் வாக்கியங்கள் தாமாக அமைந்தன. சேர விரும்பும் தமிழர்கள் முதல் நாளிலிருந்தே இப்படிச் செய்ய வேண்டும்.

உச்சரிப்புதான் கடினம். காம் என்றால் வேலை. அதே ககரத்தை மூச்சுவிட்டு ஒலித்தால் தபால் உறை. தானமும் நெல்லும் அப்படியே மூச்சொலியால் மட்டும் வேறுபடுகின்றன. என் குறிப்பேட்டில் இரண்டையும் 'தான்' என்றே எழுதியிருந்தேன். மறுவாரம் படித்தபோது எது எது என்று பிரிக்க முடியவில்லை. பெங்களூருப் பள்ளிகளில் கன்னடம் படித்தவர்கள் குறிப்புகளைக் கன்னட எழுத்தில் எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. நேபாளியின் எழுத்தான தேவநாகரி கைக்கு வரும்வரை நான் அப்படித்தான் எழுதினேன்.

நான்காம் வாரம் தீதீ தம் வீட்டில் எங்களுக்குப் பருப்பும் சோறும் பரிமாறினார். புளிக்கவைத்து உலர்த்திய கீரையான குந்துருக்கை அன்றுதான் முதலில் சுவைத்தேன். அந்த மலை ஊரில் காலை ஒன்பது மணிக்கே முழுச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பத்து மணிக்குப் பள்ளிக்குப் போகிறார்கள். நண்பகலில் சிற்றுண்டி, இரவில் மீண்டும் பருப்புச் சோறு. இட்லிக்குப் பழகிய வயிறு இதற்கு இணங்க எனக்கு மூன்று வாரமாயிற்று. அந்தக் கால அட்டவணையைத் தீதீ முன்னதாகவே சொல்லியிருந்ததால், உடல் சோர்ந்ததே தவிர மனம் கலங்கவில்லை. எச்சில் பற்றிய கட்டுப்பாடு நம் வீடுகளில் உள்ளதைப் போன்றதுதான். தண்ணீரைத் தூக்கிக் குடிக்கும் பழக்கம் அங்கே எனக்கு மரியாதை தேடித்தந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பத்துக்கு மேல் எண்களே கற்பிக்கப்படவில்லை. நேபாளியில் நூறு வரையிலான எண்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். 49 என்பது 'உனன்சாஸ்', ஒன்று குறைந்த ஐம்பது. கணக்கு ஆசிரியைக்கு இது இல்லாமல் ஒரு பாடமும் நகராது. வருகைப் பதிவேடு விக்கிரம சம்வத் ஆண்டில் எழுதப்படும் என்பதும் எனக்குச் சொல்லப்படவில்லை. நம் 2023 ஏப்ரல் நடுவில் அங்கே 2080 பிறந்தது. நம் பஞ்சாங்க மாதங்களைப் போலவே அவர்களுடைய மாதங்களுக்கும் 29 முதல் 32 நாள்கள். புத்தாண்டும் நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வருகிறது. இந்த ஒப்புமையை இரண்டே நிமிடத்தில் விளக்கியிருக்கலாம். இதைவிடப் பெரிய குறை, நேபாளியே எல்லோருக்கும் தாய்மொழி என்பது போல வகுப்பு நடந்தது. 2021 கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் 124 தாய்மொழிகள் உள்ளன. நேபாளியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பாதிக்கும் குறைவு. என் வகுப்புக் குழந்தைகள் பலர் வீட்டில் தமாங் பேசினார்கள். என்னைப் போலவே அவர்களும் பள்ளி மொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டிருந்தார்கள் என்பது புரிந்த பிறகே அவர்களுடைய மௌனத்தை அக்கறையின்மை என்று கருதுவதை நிறுத்தினேன்.

இத்தனைக்கும் பிறகு இந்த வகுப்பைப் பரிந்துரைக்க முதன்மையான காரணம், கட்டணத்திலேயே அடங்கிய வாராந்திரத் தொலைபேசி உரையாடல். புறப்பட்ட பின் மூன்று மாதம், ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் தீதீ நேபாளியில் மட்டும் பேசுவார். தசாய்ன் பண்டிகையன்று, நான் தங்கியிருந்த வீட்டு ஆமா, அதாவது அம்மா, தயிரும் குங்குமமும் கலந்த அரிசியை என் நெற்றியில் இட்டு இளம் பயிரின் முளைகளைத் தலையில் சூட்டியபோது எனக்கு ஒன்றும் விளங்காமல் கண் கலங்கியது. அந்த முளைகளை இருட்டறையில் வைத்து வளர்ப்பார்கள் என்று அந்த வாரம் தீதீ சொன்னார். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் முளைப்பாரியைப் பற்றி நான் எனக்குத் தெரிந்த நேபாளியில் அவருக்குச் சொன்னேன். தேடித் தேடிச் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரமானது, அவர் ஒருமுறைகூட ஆங்கிலத்துக்கு மாறவில்லை.

திரும்பி வந்ததும் குறைகளை அவரிடம் நேரில் சொன்னேன். எண்களுக்கும் நாள்காட்டிக்கும் இரண்டு வகுப்புகள் கூட்டியிருக்கிறார், கட்டணத்தை உயர்த்தவில்லை.