"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, சரியாயிடும்": பேரியாட்ரிக் ஆபரேஷனும் அதன் வாட்ஸ்அப் குழுக்களும்

உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 38, கட்டுக்குள் வராத சர்க்கரை, ராத்திரியானால் நெஞ்செரிச்சல். இந்த நிலையில் உள்ள நண்பர் ஒருவர் எடை குறைக்கும் பேரியாட்ரிக் ஆபரேஷன் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். ஸ்லீவா, பைபாஸா? ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இப்போதே சேரலாமா? ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுப்பார்கள், பைபாஸில் சின்னப் பையாக்கிக் கீழே குடலோடு இணைப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே மனப்பாடம். அதனால் இதோடு வருஷக்கணக்கில் வாழ்கிறவர்கள் பேசும் விஷயங்களுக்கு நேரே போய்விடுகிறேன்.

ஆபரேஷன் நல்லபடி அமைந்தால் அது தருவது கொஞ்சநஞ்சமல்ல. எடை பெரிதாக இறங்கும் முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும். இன்சுலினையும் மாத்திரையையும் அதற்கேற்பக் குறைக்காவிட்டால் லோ சுகர் ஆகிவிடும், அந்த அளவுக்கு வேகம். குறட்டையும் முட்டிவலியும் குறையும். முதல் வருஷத்தில் ஸ்லீவுக்கு மொத்த எடையில் சுமார் கால் பங்கு போகும், பைபாஸுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இரண்டு வருஷத்துக்குப் பிறகு கொஞ்சம் திரும்பி ஏறுவது இயல்பு. 1987-ல் ஸ்வீடனில் தொடங்கிய நீண்ட ஆய்விலும் இதே வளைவுதான் தெரிந்தது.

குழுவில் இந்த விகிதத்தை யாரும் பார்ப்பதில்லை, "எத்தனை கிலோ?" என்பது மட்டும்தான் கேள்வி. 150 கிலோக்காரர் 40 குறைந்ததும் 100 கிலோக்காரர் 26 குறைந்ததும் கிட்டத்தட்ட ஒரே விகிதம். ஆனால் முன்னவருக்குப் பூங்கொத்து எமோஜி, பின்னவருக்கு "வாக்கிங் போறீங்களா?" என்ற விசாரணை. அந்த விசாரணைக்குப் பயந்தே பலர் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாம் மாதத்துக்காரர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். ஐந்தாம் வருஷம் எடை திரும்பியவர்களும் ரத்தசோகையோடு அல்லாடுகிறவர்களும் சத்தமில்லாமல் வெளியேறிவிடுகிறார்கள். ஆக, குழுவில் தெரிகிற சராசரி, அங்கே மிச்சமிருக்கிறவர்களின் சராசரி.

இருந்தாலும் குழு கற்றுக்கொடுப்பதை எந்த அச்சடித்த டயட் தாளும் கற்றுக்கொடுக்காது. தாளில் "மென்மையான உணவு" என்று இருக்கும், அவ்வளவுதான். எது தொண்டைக்குக் கீழே நெஞ்சில் அடைத்துக்கொள்ளும் என்று குழுதான் சொல்லும். குழைந்த சாதம் மென்மைதான், ஆனால் பசையாகத் திரண்டு நின்றுவிடும். சப்பாத்தி, பிரெட், காய்ந்த சிக்கன் பிரெஸ்ட் எல்லாம் அதே ரகம். அடைத்தால் முதலில் வருவது வாந்தியல்ல, வாய் நிறைய நுரை எச்சில். அப்போது தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்த்தால் இன்னும் மோசமாகும். எழுந்து மெதுவாக நடந்து, அதுவாக இறங்கவோ மேலே வரவோ விடவேண்டும். ஒரு இட்லியைச் சுண்டைக்காய் அளவுத் துண்டுகளாக்கி, துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டு, 20 நிமிஷத்தில் முடிப்பது. சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, முடித்து அரை மணி கழித்துத்தான். வாய் வாயாக நாள் முழுக்க உறிஞ்சி ஒன்றரை, இரண்டு லிட்டரை எட்டுவது. மீன் குழம்பில் ஊறிய துண்டு இறங்கும், வறுத்தது இறங்காது. இதையெல்லாம் அனுபவித்தவர்கள்தான் சொல்லமுடியும், நன்றாகவே சொல்கிறார்கள்.

புரோட்டீன் கணக்கும் அப்படித்தான். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும். இரண்டு முட்டை 12, அரை லிட்டர் பால் தயிராக மோராக 16, சமைத்த மீன் 100 கிராம் 20 என்று கூட்டினால் 48. மிச்சத்தைப் பருப்போ சுண்டலோ கொண்டுவரவேண்டும். சைவர்களுக்கு பனீர் 100 கிராமில் 18, பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பவுடர் ஒரு ஸ்கூப்பில் 20 முதல் 25. ஆரம்ப மாதங்களில் பவுடர் இல்லாமல் சைவர்கள் இதை எட்டுவது கஷ்டம். முறுக்கும் டீயில் நனைத்த பிஸ்கட்டும் மட்டும் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். எடை திரும்புவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

இனி கோபத்துக்கு வருகிறேன். எந்தக் குழுவிலும் எந்தக் கேள்விக்கும் முதல் பதில் ஒன்றுதான்: "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, சரியாயிடும்." பாதி நேரம் இது உண்மை. மூன்றாம் மாதம் முடி கொத்தாகக் கொட்டும், புரோட்டீனும் இரும்பும் சரியாக இருந்தால் சில மாதங்களில் திரும்ப முளைக்கும். மூன்றாம் வாரம் எடை அப்படியே நிற்கும், பிறகு நகரும். பிடித்த சாப்பாட்டின் வாசனை குமட்டும், குளிர் அதிகமாகத் தெரியும். இதற்கெல்லாம் அந்த வாக்கியம் மருந்து. ராத்திரி இரண்டு மணிக்குத் தலையணையில் முடியைப் பார்த்து அழுகிறவருக்கு அந்த நேரத்தில் வேறு யார் பதில் சொல்வார்கள்?

ஆனால் அதே வாக்கியம் வாந்திக்கும் வருகிறதே, அதைத்தான் பொறுக்கமுடியவில்லை. நாள்கணக்கில் வாந்தி எடுக்கிறவர் உடம்பில் பி1 எனும் தயமின் தீர்ந்துபோகும், சேமிப்பே இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். அந்த நிலையில் தெருமுனை கிளினிக்கில் "டயர்டா இருக்கு" என்று போய்ப் படுத்தால் முதலில் ஏற்றுவது குளுக்கோஸ் பாட்டில். உடம்பு குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும். மிச்சமிருந்த கொஞ்சமும் அதில் போய், கண் இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம், மறதி என்று மூளையிலேயே கைவைத்துவிடும். தாமதித்தால் முழுதாகத் திரும்பாது. "பேரியாட்ரிக் ஆபரேஷன் ஆனவர், வாந்தி எடுக்கிறார், குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் ஊசி போடுங்கள்" என்று வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். குழுவின் முகப்பில் பின் செய்து வைக்கவேண்டிய செய்தி இது. அங்கே பின் செய்திருப்பதோ புரோட்டீன் பவுடர் தள்ளுபடி!

"சரியாயிடும்" என்று சொல்லவே கூடாதவை இன்னும் உண்டு. முதல் வாரங்களில் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டி நிற்பது, காய்ச்சல், இடது தோள்பட்டை வலி, மூச்சு வாங்குவது: தையல் கோட்டில் லீக்காக இருக்கலாம், உடனே சர்ஜனிடம் போகவேண்டும். பைபாஸ் ஆனவருக்கு வருஷங்கள் கழித்துத் திடீரென வயிற்றைப் பிசைகிற வலி: குடல் உள்ளுக்குள் ஒரு இடுக்கில் நுழைந்திருக்கலாம், ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். வலது விலா எலும்புக்குக் கீழே வலி: வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் சேரும். மலம் கறுப்பாகப் போவது: இரும்பு மாத்திரையாலும் கறுக்கும், புண்ணில் ரத்தம் கசிந்தாலும் கறுக்கும். பைபாஸ்காரர் முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் எனும் வலிமாத்திரை போட்டிருந்தாலோ புகைபிடித்தாலோ இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். ஸ்லீவ்காரர் ஒருவர் "நான் போடுறேன், ஒண்ணும் ஆகலை" என்று எழுதுவார். அவருடைய ஆபரேஷன் வேறு என்பது யார் கண்ணிலும் படாது.

இன்னொரு அறியாமை கால்சியம் பட்டையில். முன்பக்கம் "கால்சியம் சிட்ரேட் மாலேட் 1250 மி.கி." என்று பெரிதாக இருக்கும். ஒரு மாத்திரையோடு அன்றைக்குத் தேவையான 1200 மி.கி. கால்சியம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்த வரியைப் படிக்கவேண்டும்: "எலிமென்டல் கால்சியம் 250 மி.கி." உடம்புக்குக் கணக்கு அதுதான். அப்படியானால் நாளைக்கு ஐந்து, ஒரே வேளையில் 500, 600-க்கு மேல் போகாமல் பிரித்து. கார்பனேட் மலிவு, ஒரு மாத்திரையில் 500 கிடைக்கும், ஆனால் அது கரைய அமிலம் வேண்டும். அமிலத்தைக் குறைத்துவிட்ட வயிற்றில் சிட்ரேட்தான் சரி. இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இடைவெளி. இரும்பைக் காபி, டீயோடு சேர்க்கக்கூடாது.

நண்பரின் முதல் கேள்விக்கு வருகிறேன். நெஞ்செரிச்சல் ஏற்கெனவே இருப்பவருக்கு ஸ்லீவை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஃபின்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்ட ஆய்வின் பத்து வருஷ முடிவு 2022-ல் வந்தது. உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவில் 31 சதவீதம், பைபாஸில் 7. குழுவில் இதற்கும் "தினம் காலையில ஒரு பான்டோபிரசோல் போடுங்க, சரியாயிடும்" என்று அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சொல்வார்கள். முதலில் எண்டோஸ்கோப்பி பார்த்துவிட்டு, ரூ-என்-ஒய் எனும் வழக்கமான பைபாஸ் பற்றி சர்ஜனிடம் பேசுங்கள். குடலோடு ஒரே இணைப்பு மட்டும் போடும் மினி பைபாஸில் சர்க்கரை நன்றாகக் கட்டுப்படும், ஆனால் பித்தநீர் மேலே ஏறும் தொல்லையும், சாப்பாடு போகாமல் விலக்கிவிடும் குடலின் நீளத்துக்கேற்பச் சத்துக்குறைவும் உண்டு. இன்சூரன்ஸுக்கு, பிஎம்ஐ 35-க்கு மேல், கட்டுப்படாத டைப் 2 சர்க்கரையும் இருந்தால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை அமைப்பான ஐஆர்டிஏஐயின் விதிப்படி கேட்க வழியிருக்கிறது. பாலிசியின் காத்திருப்புக் காலத்தைப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி. இவ்வளவு திட்டிய பிறகும், சேருங்கள் என்றுதான் சொல்வேன். ஆபரேஷனுக்கு முன்பே சேருங்கள், மருத்துவமனை நடத்தும் குழு ஒன்றிலும் நோயாளிகளே நடத்தும் குழு ஒன்றிலும். சில மருத்துவமனைக் குழுக்களில் புகார் எழுதினால் பதிவு காணாமல் போகும், ஆனால் டயட்டீஷியன் பதில் சொல்வது அங்கேதான். எதைக் கேட்டாலும் முதல் வரியில் எந்த ஆபரேஷன், எத்தனையாவது மாதம், என்னென்ன மாத்திரை என்று எழுதிவிட்டுக் கேளுங்கள். பதில் சொல்கிறவரிடமும் அதையே கேளுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.