சிறைபிடிக்கும் துணியா, சிதைக்கும் துணியா?

நச்சு வேதிப்பொருள்களிலிருந்து காக்கும் உடைகளில் இன்று நம்பிக்கையோடு அணியப்படுவது கரி உடை. துணி அடுக்குகளுக்கு நடுவே ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நுண்துளைகள் நிறைந்த கரி, இருக்கும். ஒரு கிராம் கரியின் நுண்துளைகளுக்குள் ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் பரப்பு உண்டு. நச்சு ஆவி அதில் ஒட்டிக்கொள்ள, வியர்வை ஆவி வெளியேறிவிடும். பியூட்டைல் ரப்பர் உடையில் இந்த வசதி கிடையாது. அதை அணிந்து கடுமையாக உழைப்பவர், நஞ்சு தீண்டாமலேயே உடல் சூட்டால் சுருண்டு விழக்கூடும்.

ஆனால் கரி நஞ்சைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான், அழிப்பதில்லை. வியர்வையும் எரிபொருள் ஆவியும்கூட அதே துளைகளை அடைத்துவிடும். பெரிய ஆபத்து உடையைக் கழற்றும்போது வருகிறது. 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற நரம்பு நச்சு பரப்பப்பட்டபோது, பாதிக்கப்பட்டவர்களின் சாதாரண உடைகளிலிருந்து கிளம்பிய ஆவி மருத்துவமனை ஊழியர்களையும் தாக்கியது. நஞ்சைத் துணியிலேயே அழிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது, அணிபவரைவிட அவருக்கு உதவ ஓடிவருபவரை எண்ணித்தான்.

நொதி பூசிய துணி அதற்கு ஒரு வழி. மண்ணில் வாழும் பாக்டீரியாக்களிலிருந்து கிடைக்கும் சில நொதிகள் நரம்பு நச்சுகளை நேர்த்தியாக வெட்டுகின்றன. ஆனால் வெப்பத்தில் கெட்டுப்போகும்; தோலைக் கொப்புளிக்க வைக்கும் கடுகு வாயுவை அவை தொடுவதில்லை.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது சிர்கோனியம் கொண்ட உலோகக் கரிமச் சட்டகங்கள்; உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகள் இணைத்து உருவாகும் நுண்துளைப் பொருள்கள் இவை. சாரினில் பாஸ்பரசையும் ஃபுளூரினையும் இணைக்கும் பிணைப்புதான் அதன் கொடுக்கு. சிர்கோனியம் அணு பாஸ்பரசைப் பற்றிக்கொள்ள, நீர் அந்தப் பிணைப்பை முறிக்கிறது. ஆய்வகக் கரைசலில் இது சில நிமிட வேலை. துணியில் கரைசல் ஏது? காரத்தன்மையுள்ள பாலிஎத்திலீன்இமின் பாலிமரைச் சட்டகத்தோடு சேர்த்துப் பருத்தி இழையில் பூசி, காற்றின் ஈரப்பதத்திலேயே வினையை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். தூள் உதிராமல் ஒட்டுவது இன்னொரு தொல்லை. பசை கூடினால் துளைகள் அடைபடும். கடுகு வாயுவுக்கோ நீர் போதாது, ஆக்சிஜனேற்றம் வேண்டும். அதுவும் முதல் படியில் கிடைக்கும் சல்ஃபாக்சைடோடு நிற்க வேண்டும். ஆக்சிஜனேற்றம் மிகுந்து சல்ஃபோன் வரை போனால், அந்தச் சல்ஃபோனும் தோலைக் கொப்புளிக்க வைக்கும். போர்ஃபிரின் என்ற ஒளி உறிஞ்சும் மூலக்கூறு கொண்ட, ஒளியால் தூண்டப்படும் சட்டகங்கள் இதைச் சரியான அளவில் நிறுத்துகின்றன, வெளிச்சம் இருக்கும்வரை.

ஆகவே இன்றைக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கரி உடையைத்தான் சொல்வேன். நாளைய உடையில் வெளியே சட்டக அடுக்கு நஞ்சைச் சிதைக்கட்டும், தப்பி வருவதை உள்ளிருக்கும் கரி பிடிக்கட்டும். அந்த உடையை வியர்வையில் நனைத்து, எரிபொருள் ஆவியில் காட்டி, இருட்டிலும் சோதித்த பிறகே கரி உடையின் இடத்தை அதற்குக் கொடுக்கலாம்.