காட்பாடி போர்வெல் தண்ணீரில் ஒரு ஹாட் டப்: மூன்று வருட அனுபவம்

"வேலூர் வெயில் பத்தாதுன்னு வெந்நீர்த் தொட்டி வேறயா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. வாங்கியது அம்மாவின் முட்டி வலிக்காக. காற்றடித்து நிறுத்தும் வகை, 850 லிட்டர், போர்டிகோவில் இருக்கிறது. மார்கழிக் குளிரில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் அம்மா மாடிப்படி ஏறிவிடுகிறார். சித்திரை, வைகாசியில் மடித்து வைத்துவிடுவோம். 2 கிலோவாட் ஹீட்டர் 28 டிகிரித் தண்ணீரை 38-க்குக் கொண்டுபோக ஆறு மணி நேரம், 12 யூனிட். மோட்டார், குமிழி எதுவும் இதுவரை மக்கர் செய்யவில்லை. என்னைப் படுத்தியதெல்லாம் தண்ணீர்தான்.

குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் எங்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் சரியாகப் போய்விடும். பாலாற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, போர் தண்ணீர். முதல்முறை நிரப்பியபோது மோட்டார் பார்க்க வந்தவர், "இன்னா சார், கண்ணாடி மாதிரி கீது!" என்றார். எனக்கும் பெருமைதான். குளோரினைப் போட்டேன். இருபது நிமிடத்தில் தொட்டி முழுக்க வரக்காப்பி. "ஏண்டா, இதுலயா என்னை இறங்கச் சொல்றே?" என்று கேட்டுவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார்.

பூமிக்கடியில் காற்று படாமல் கிடக்கும் தண்ணீரில் இரும்பு கரைந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. குளோரின் பட்டதும் துருவாகி வெளியே வருகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அடுத்த முறை, கலங்கலைத் தெளியவைக்கும் தேத்தாங்கொட்டையை உரைத்துப் போடச் சொன்னார். கலங்கல் வேறு, கரைசல் வேறு என்று அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். லிட்டருக்கு இரும்பு 0.9 மில்லிகிராம், கடினத்தன்மை 640. இரும்பு 0.3-ஐத் தாண்டினாலே துணியிலும் பாத்திரத்திலும் கறை ஏறும். கடினத்தன்மையில் குடிநீருக்கே, வேறு வழியில்லாதபோது 600 வரைதான் அனுமதி.

இரண்டாம் முறை, உலோகத்தைக் கட்டிவைக்கும் சீக்வெஸ்ட்ரன்ட் மருந்தை வாங்கினேன். நிரப்பும்போதே ஊற்றி, சில மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டு, பிறகுதான் குளோரின், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீர் தெளிவாகவே நின்றது. மூன்று வாரம் கழித்து நீர்மட்டத்தில் மஞ்சள் வளையம்! அந்த மருந்து இரும்பை வெளியேற்றுவதில்லை, பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். குளோரின் மெல்ல மெல்ல மருந்தையே சிதைத்துவிடும். வாரம் ஒருமுறை கொஞ்சம் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டில் விலையை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வளையத்தின் மேல் ஒரு வைட்டமின் சி மாத்திரையைத் தேய்த்துப் பார்த்தேன். உடனே வெளுத்தது, இரும்புக் கறைதான். ஆனால் அது குளோரினையும் சேர்த்துத் தின்றுவிடும். அன்று தொட்டியில் யாரும் இறங்கவில்லை.

உண்மையில் கைகொடுத்தது மொட்டைமாடி சின்டெக்ஸ். அதற்கு முன் ஹோஸ் முனையில் அப்பாவின் பழைய வேட்டியைக் கட்டி வடிகட்டிப் பார்த்திருந்தேன். வேட்டி வெள்ளையாகவே இருந்தது, இரும்பு அத்தனையும் உள்ளே போயிருந்தது. கரைந்ததைத் துணி எப்படிப் பிடிக்கும்? இப்போது முதல் நாள் மாலையே போர் தண்ணீரை ஷவர் தலை வழியாக 1000 லிட்டர் தொட்டியில் தெறிக்கவிடுகிறேன். காற்று பட்டு இரவோடு இரவாக இரும்பு துருவாகி அடியில் தங்குகிறது. வெளிக்குழாய் அடிமட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருப்பதால் வண்டல் அங்கேயே நின்றுவிடும். காலையில் அதே வேட்டி வழியாக இறக்கினால் துணி காவியாகிறது. இரும்பு 0.2-க்கு வந்துவிட்டது, மருந்தும் கால்வாசி போதும். கொடியில் காய்ந்த வேட்டியைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர், "சாமியாராப் பூட்டீங்களா சார்?" என்றார்.

கடினத்தன்மைக்கு இந்த வித்தை பலிக்காது. அதில் என் முட்டாள்தனமும் உண்டு: மலிவு என்று பிளீச்சிங் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். அது சுண்ணாம்புச் சத்து. ஏற்கெனவே 640 உள்ள தண்ணீரில் மேலும் சுண்ணாம்பு! ஹீட்டரில் வெள்ளைப் பொருக்கு கட்டிய பிறகுதான் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்துக்கு மாறினேன். குமிழி ஓட ஓட கரியமில வாயு வெளியேறி பிஎச் தானாக ஏறும், ஏறினால் பொருக்கு. காரத்தன்மையை, அதாவது கரைந்திருக்கும் பைகார்பனேட்டை, லிட்டருக்கு 60 மில்லிகிராம் பக்கம் இறக்கி வைத்த பிறகு பிஎச் 7.4-ஐ ஒட்டி அடங்கி நிற்கிறது. இறக்குவதற்கு அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. குளோரின் வைத்திருக்கும் அலமாரியில் அமிலத்தை வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் விஷ வாயு.

ஐப்பசி, கார்த்திகையில் நிரப்பும்போது பாதி மழைத் தண்ணீர் சேர்க்கிறேன். கடினத்தன்மை 320 பக்கம் இறங்குகிறது. முழுக்க மழைநீரே வேண்டாம். சுண்ணாம்பே இல்லாத மென்னீர், பிஎச்சும் தாழ்ந்துவிட்டால், ஹீட்டரின் உலோகத்தை அரிக்கும். தாமிரம் கரைந்தால் தண்ணீர் பச்சை கலந்து தெரியும். பாசி என்று நினைத்துக் குளோரினைக் கொட்டக்கூடாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய தண்ணீரை இரண்டு நாள் திறந்துவைத்து, குளோரின் போன பின் தென்னைக்கு விடுகிறேன். இதுவரை ஒன்பது முறை நிரப்பியாயிற்று. கடைசி நான்கிலும் வரக்காப்பி இல்லை. இருந்தாலும் அம்மா இறங்கும் முன் வெள்ளை டம்ளரில் ஒரு வாய் தண்ணீர் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கிறார்.