1844 ஆயில் பெயிண்டிங் என்று சொல்லி பிரிண்ட் விற்கிறார்கள், கவனம்

பழைய கப்பல் ஓவியங்களை ஆன்லைனில் வாங்குபவர்கள், முக்கியமாக பிரிட்டனில் இருப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

விளம்பரத்தில் போட்டிருந்தது இது: "எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன், பிரிஸ்டல் டாக்கில், 1844. கேன்வாஸில் ஆயில் பெயிண்டிங், கையெழுத்து இல்லை." விலை 640 பவுண்டு. போட்டோக்கள் எல்லாமே குளோசப்: முன்பகுதி, டாக் சுவர், பின்னால் ஒட்டியிருந்த பழுப்பேறிய லேபிள். முழுக் கப்பலும் ஒரே படத்தில் தெரியவில்லை. கேட்டேன். கண்ணாடி போட்டிருப்பதால் வெளிச்சம் அடிக்கிறது, எடுக்க முடியவில்லை என்றார்கள். பாய்மரம் எத்தனை என்று கேட்டதற்கு "ஆறு" என்று எழுத்தில் பதில் வந்தது. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்றும் அதே மெசேஜில் இருந்தது.

வந்து சேர்ந்த படத்தில் பாய்மரம் மூன்று. கண்ணாடியும் இல்லை.

இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். பிரிட்டிஷ் பொறியாளர் புருனெல் வடிவமைத்த இந்த இரும்புக் கப்பலை 1843 ஜூலை 19 அன்று பிரிஸ்டலில் இளவரசர் ஆல்பர்ட் முன்னிலையில் தண்ணீரில் இறக்கினார்கள். 322 அடி நீளம், ஆறு பாய்மரம், துடுப்புச் சக்கரத்துக்குப் பதில் ப்ரொப்பெல்லர். துறைமுகத்திலிருந்து கப்பல்கள் வெளியேறும் நீர்வாசலின் (லாக்) கதவுகளுக்கு அது அகலம் அதிகம். அதனால் 1844 டிசம்பர் வரை வெளியே போக முடியாமல் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. ஜோசப் வால்டர் போன்ற உள்ளூர் ஓவியர்கள் அதை வரைந்ததும், போட்டோகிராஃபி முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் 1844-இல் போட்டோ எடுத்ததும் அந்தக் காலத்தில்தான். பாய்மரம் மூன்றானது 1853 மாற்றத்துக்குப் பிறகு. அப்போது கப்பல் லிவர்பூலிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. பிரிஸ்டலுக்கு அது திரும்பியது 1970-இல், ஃபாக்லாந்து தீவிலிருந்து, வெறும் கூடாக. மூன்று பாய்மரத்தோடு அந்த டாக்கில் அது நின்றதே கிடையாது. இந்தக் கப்பலை நேசிக்கிற ஒருவரிடம் இதை விற்கத் துணிந்திருக்கிறார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வானத்தின் சாம்பல் நிறம் முழுக்க நீலம், சிவப்பு, மஞ்சள் பொடிப் புள்ளிகள். இங்க்ஜெட் பிரிண்ட். அதன் மேல் நிறமில்லாத ஜெல்லைப் பிரஷ்ஷால் தடவி, பெயிண்ட் போட்ட மாதிரி மேடு பண்ணியிருக்கிறார்கள். அந்தப் பிரஷ் கோடுகள் வானத்தில் தொடங்கி, பாய்மரத்தின் மேலேயே ஏறி, மறுபடி வானத்துக்குப் போகின்றன. கையால் வரைந்தவர் யாரும் அப்படித் தடவ மாட்டார். பழைய படத்தில் வரும் விரிசல்களும் பிரிண்ட்தான். விரலால் தடவினால் வழவழவென்று இருக்கிறது. பின்பக்கம் முழுக்க டீ நிறக் கறை, ஆனால் மூலையில் மடிப்பைத் தூக்கிப் பார்த்தால் கேன்வாஸ் பால் வெள்ளை. அடித்திருப்பது ஆணி அல்ல, பளபளக்கும் ஸ்டேப்பிள் பின்.

திருப்பி எடுக்கச் சொன்னதும் பேச்சு மாறியது. "பழம்பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்றார்கள், பிறகு பிளாக் செய்துவிட்டார்கள். பிரிட்டனில் வியாபாரியிடம் ஆன்லைனில் வாங்கினால், சில விலக்குகள் தவிர, பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். சொன்னபடி பொருள் இல்லையென்றால் 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணமும் கேட்கலாம். இது பழம்பொருளுக்கும் பொருந்தும். நான் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். 100 பவுண்டுக்கு மேல், 30,000 வரை உள்ள பொருளுக்கு 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவின்படி கார்டு நிறுவனமும் பொறுப்பு. பாய்மரம் ஆறு என்ற அந்த மெசேஜ், லென்ஸ் வழியாக எடுத்த போட்டோ, ஃபிரேம் கடைக்காரர் எழுதிக் கொடுத்த இரண்டு வரி எல்லாவற்றையும் அனுப்பினேன். இழுத்தடித்தார்கள், ஆனால் பணம் வந்துவிட்டது. பேங்க் டிரான்ஸ்ஃபர் செய்தால் தள்ளுபடி என்று அந்த விற்பனையாளர் முதலில் சொன்னதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அதில் கட்டியிருந்தால் இந்த 75-வது பிரிவு கைகொடுத்திருக்காது.

அதே லேபிள், அதே டாக் சுவர் குளோசப்போடு விளம்பரம் இப்போது வேறு தலைப்பில் மறுபடி வந்திருக்கிறது. தளத்துக்குப் புகார் கொடுத்திருக்கிறேன். உங்கள் கண்ணில் பட்டால் முழுப் படம், பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்த போட்டோ, கேன்வாஸ் மடிப்பின் போட்டோ மூன்றையும் கேளுங்கள். நீங்களும் ரிப்போர்ட் பண்ணுங்கள்.